பத்து நாள் தண்ணீர் நிறுத்தினால் நல்ல நாற்று தெரிந்துவிடுமா?

இந்த வறட்சியில் இது நான்காவது ஃபோன். பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டக்காரர். "தம்பி, பத்து நாள் தண்ணி விடாமப் போட்டு, வாடாம நின்ன நாத்தை மட்டும்தான் நட்டேன். அதுலயே பாதிக்கு மேல போயிருச்சு!"

போய்ப் பார்த்தேன். செத்த நாற்று ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறினால், ஆணிவேர் தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளைந்து கிடக்கிறது. வாடிய நாற்றுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நல்லா வளந்ததுதான் மொதல்ல தொங்குச்சு, குழியில கொட்டிட்டேன்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

வளர்த்தியான நாற்றுக்கு இலை அதிகம், குடிப்பதும் அதிகம். ஒரே அளவுப் பையில் இருந்தால் அது ஐந்தாம் நாளே மண்ணை வறட்டிவிடும். பக்கத்துச் சவலை நாற்றின் பையில் எட்டாம் நாளும் ஈரம் இருக்கும். ஒரு குடம் தண்ணீர் இரண்டு பேர் வீட்டில் மறுநாள் வரை வரும், எட்டுப் பேர் வீட்டில் மதியமே காலி. அதற்காக அந்த இரண்டு பேரும் தாகம் தாங்குகிறவர்கள் ஆகிவிடுவார்களா? நீங்கள் பொறுக்கி எடுத்த சவலை வறட்சியைப் பார்க்கவே இல்லை ஐயா!

இன்னொன்று. காபியில் அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடி. எஸ். 795 என்கிற அராபிகா ரகத்தின் விதை போட்டால் நாற்றெல்லாம் ஏறக்குறைய ஒரே குணம்தான். ஒன்று வாடி ஒன்று நிற்கிறது என்றால் முதலில் பையை, மண்ணை, நிழலைச் சந்தேகப்படுங்கள். ஓரத்துப் பை எப்போதும் சீக்கிரம் காயும். இன்னொரு காபி இனமான ரொபஸ்டா அயல் மகரந்தச் செடி, அதில் நாற்றுக்கு நாற்று குணம் மாறும். அது வேறு கதை.

சரி, இரண்டு ரகத்தை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால்? ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மண், ரகத்துக்கு 20 பையாவது வேண்டும். ரகவாரியாக வரிசை கட்டாமல் கலந்து அடுக்குங்கள். மாலையில் நன்றாக நனைத்து, வடிந்தபின் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் எடை போட்டு, வேகமாகக் காய்கிற பைக்கு மட்டும் அளந்து தண்ணீர் விட்டால் எல்லாப் பையும் ஒன்றுபோலக் காயும். மத்தியான வாட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வெயிலில் எந்த இலையும் கொஞ்சம் தொங்கும். விடியற்காலையிலும் நிமிரவில்லை என்றால்தான் அது வாட்டம். நம் மலையில் பனியும் மூடுபனியும் இலையை நனைத்துக் கணக்கைக் கெடுக்கும், அதனால் மேலே மட்டும் பாலிதீன் போட்டு நாலு பக்கமும் திறந்து விடுங்கள். அப்புறம் முக்கியமாக, தண்ணீர் திரும்ப விட்டு இரண்டு வாரம் பொறுங்கள். எது மறுபடி துளிர்க்கிறது என்று பார்க்காத சோதனை பாதிச் சோதனைதான்.

இவ்வளவும் செய்தாலும், நட்டபின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பது பைக்குள் தெரியாது. தோட்டத்தில் மார்ச் மாதத்தைத் தாண்ட வைப்பது அந்த ஆழம்தான். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: நாற்றைப் பைக்கு மாற்றும்போது விரலால் குத்திய குழிக்குள் வேரை மடக்கித் திணிக்காதீர்கள். நீளமாக இருந்தால் நுனியைக் கிள்ளிவிட்டு நேராக இறக்குங்கள். நடும்போது பையின் அடியில் ஓர் அங்குலம் அறுத்துச் சுருண்ட வேரை எடுத்துவிடுங்கள்.

தாண்டிக்குடிக்காரர் மறுபடி விதை போட்டிருக்கிறார். பைக்கு மாற்றுகிற அன்றைக்கு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.