மோட்டார் ஏன் 'மாட்டேன்' என்கிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மகள் கட்டுரை நோட்டில் 'அப்பாவின் படகு மோட்டார் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது' என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து 'இயங்கவில்லை' என்று திருத்திவிட்டார். நாங்கள் பேசுவது தப்பான தமிழா?"

தேர்வுத்தாளில் இயங்கவில்லை என்றே எழுதட்டும், மதிப்பெண் முக்கியம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தவர் 'ஸ்டார்ட் ஆகலை' என்பார். பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரை ஊதி, மறுபடி மறுபடி இழுத்துத் தோள்பட்டை வலி கண்டவர்தான் 'மாட்டேங்குது' என்பார். நாம் விடாமல் முயல, அதுவும் விடாமல் மறுக்கிறது.

பிரித்தால் மாட்டேன் + என்கிறது. மோட்டார் வாயைத் திறந்து 'மாட்டேன்' என்கிறதாம்! இன்றைய வழக்கில் மாட்டேன், மாட்டான், மாட்டார்கள் எல்லாம் மனிதருக்கு உரியவை. படகு வராது, மழை பெய்யாது, அண்ணன்தான் வரமாட்டார். அஃறிணை முரண்டு பிடிக்கிறது என்று சொல்ல வேண்டியபோது, பேசுகிறவர்கள் அதன் வாயில் ஒரு தன்மை வினையை வைத்துவிட்டார்கள். அப்புறம் அது பழகிப்போய், 'நீ சொன்னா கேக்கமாட்டேங்கிற' என்று முன்னிலைக்கும் வந்துவிட்டது. உள்ளே '-ஏன்' என்ற அந்தத் தன்மை விகுதி அப்படியே கிடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை.

இந்த 'மாட்டேன்' இன்னும் வேடிக்கையானது. மாட்டு + ஏன், அவ்வளவுதான். 'இல்லை' என்று சொல்கிற உறுப்பு எங்கே? காணோம்! ஆங்கிலத்தில் மறுக்க 'நாட்' வேண்டும், இந்தியில் 'நஹீ' வேண்டும். பழந்தமிழில் மறுப்பதற்கு எதையும் சேர்க்க வேண்டாம், ஒன்றை எடுத்துவிட்டால் போதும்.

பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து அழைத்தபோது, வர மறுத்து அப்பர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் பாட்டைப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டு, ராமேஸ்வரம் கோயிலையும் பாடியவர்தான். 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று தொடங்கும். இதற்குப் பெயரே மறுமாற்றத் திருத்தாண்டகம். அஞ்சினோம் என்றால் நேற்று, அஞ்சுகிறோம் என்றால் இன்று, அஞ்சுவோம் என்றால் நாளை. மூன்றிலும் நடுவில் காலம் காட்டும் இடைநிலை இருக்கிறது. அதை உருவிவிட்டால் அஞ்சு + ஓம், அஞ்சோம். நேற்றும் இல்லை, இன்றும் இல்லை, நாளையும் இல்லை. நடுவில் 'ஆ' என்ற எதிர்மறை இடைநிலை இருந்து, புணர்ந்து கெட்டது என்பது நம் இலக்கண உரைகாரர்களின் விளக்கம். நடுவே எதுவுமே இல்லை, அந்த வெற்றிடம்தான் எதிர்மறை என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்கும் சாட்சி உண்டு: அடங்காப்பிடாரி, வணங்காமுடி, சொல்பேச்சு கேளாதவன் என்று அடுத்தவர் வைக்கிற பெயர்களில் அந்த 'ஆ' பளிச்சென்று தெரிகிறது. ஆள் தானே 'அடங்கேன்' என்னும்போதுதான் மறைந்துவிடுகிறது.

பழங்கன்னடத்திலும் இந்த வழி உண்டு. உலக மொழிகளில் அபூர்வம். தமிழ்தான் முதல் மொழி என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கரையோரப் பேச்சை ஒலிப்பதிவு செய்ய நாலு ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால், அந்த முழக்கத்தைவிட நிறையக் கிடைக்கும். ஒரு சின்ன உதாரணம்: இன்று இந்தப் பக்கம் 'வாரேன்' என்றால் வருகிறேன். பழைய இலக்கணப்படி அதே வாரேன், வரமாட்டேன்!

சரி, மாட்டேனுக்கு வருவோம். பழந்தமிழில் மாட்டுதல் என்றால் இயலுதல். மாட்டேன் என்றால் 'என்னால் ஆகாது'. இயலாமையைச் சொன்ன சொல் மெல்ல மெல்ல விருப்பமின்மையைச் சொல்லத் தொடங்கியது. அதிகாரத்தின் முன்னால் 'விருப்பமில்லை' என்பதைவிட 'இயலவில்லை' என்பது பத்திரமானது. அதனால்தான் இந்தச் சரிவு நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

அதிகாரத்தின் சொல்லும் இதே இடத்திலிருந்துதான் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று தடைக்கால அறிவிப்பு வரும். கூடுதல் என்றாலும் இயலுதல்தான். 'நடக்காத காரியம்' என்ற பொருளில் இருந்த கூடாது, 'செய்யாதே' ஆகிவிட்டது.

இப்போது அதே பாதையில் 'முடியாது' போய்க்கொண்டிருக்கிறது. 'என்னால் முடியாது' என்றால் உடம்புக்கு ஆகவில்லை. கடைக்குப் போகச் சொன்னால் பையன் வெறுமனே 'முடியாது' என்கிறானே, அது வேறு. 'இன்னைக்குக் கடலுக்கு வரமுடியாது' என்று ஒருவர் சொன்னால் காய்ச்சலா, சம்பளத் தகராறா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'வரமாட்டேன்' என்றால் அந்தச் சந்தேகமே இல்லை.