வாசலை அலங்கரிக்கும் முன் தரையைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பக்கமோ பீனிக்ஸ் பக்கமோ எந்தத் தெருவில் போனாலும் வாசல் வேலை நடக்கும். பழைய சிமெண்டுத் தரைக்கு மேல் பளபளவென்று டைல்ஸ் ஏறும், புது மிதியடி வரும், மாவிலைத் தோரணம் தொங்கும். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். நான் இயன்முறை மருத்துவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஆயாவையும் தாத்தாவையும் திரும்ப நடக்கவைக்க வீடுவீடாகப் போகிறேன். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால், குளியலறைக்கு அடுத்தபடியாகப் பலர் காட்டுவது வாசல்படியைத்தான்.

காரணம் நம் பழக்கத்திலேயே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். எழுபது வயதுக்காரர் படியில் ஒற்றைக்காலில் நின்று, குனிந்து, செருப்பின் வாரை இழுக்கிறார். அப்போது கை தானாகத் தேடுவது திருட்டுப் பயத்துக்குப் போட்ட கம்பி கேட்டை. பூட்டியிருந்தால் தாங்கும். திறந்திருந்தால் கீலில் சுழன்று ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பேரப்பிள்ளைகளுக்குக் கேட்டைத் திறந்துவிட வந்து இப்படியே விழுந்த ஓர் ஆயாவுக்கு, வாக்கரைப் பிடித்து வாசலைத் தாண்டவே மாதக்கணக்கானது.

அதனால் அலங்காரச் செலவில் முதல் பங்கு ஓர் இருக்கைக்குப் போகட்டும். முழங்கால் உயரத்தில், ஆடாத மர பெஞ்சு, கதவுக்குப் பக்கத்தில். பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடி. அதைச் சாந்துப் பூச்சில் மட்டும் முடுக்கினால் பிய்ந்து வரும். செங்கல்லுக்குள் இறங்கும் போல்ட் வேண்டும்.

டைல்ஸ் வாங்கும்போது நிறத்தைக் கேட்கும் முன் வழுக்குத் தர எண்ணைக் கேளுங்கள். ஆர்9 முதல் ஆர்13 வரை உண்டு. எண் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். மழைச்சாரல் விழும் வாசலுக்கு ஆர்11-க்குக் குறைந்து போடாதீர்கள் என்பேன். எண் தெரியாத கடையில் மாதிரித் துண்டின் மேல் தண்ணீர் ஊற்றி, வெறும் காலால் தேய்த்துப் பாருங்கள். டர்பனில் மழை கோடையில் கொட்டுவதால் நிழல் விழும் படியில் பாசி சீக்கிரம் பிடிக்கும், அதையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

விளக்கு வைக்கிறோம், கோலம் போடுகிறோம். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் அகலிலிருந்து ஒழுகும் எண்ணெய் டைல்ஸில் கண்ணுக்கே தெரியாது. ஒரு தட்டின் மேல் ஓரமாக வையுங்கள். ஈரம் பட்ட மாவும் வழுக்கும். கோலத்தை நடைபாதையை விட்டு ஒதுக்கிப் போடலாம்.

அடுத்து படிகள். சாட்ஸ்வொர்த் வீடுகள் பல மேட்டிலும் சரிவிலும் இருப்பவை. வாசலுக்குப் படி இல்லாமல் முடியாது. தென்னாப்பிரிக்கக் கட்டட விதிப்படி ஒரு படியின் உயரம் 200 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, கால் வைக்கும் அகலம் 250-க்குக் குறையக்கூடாது. கட்டியபோது சரியாக இருந்திருக்கும். பிறகு படியேறி நிற்கும் வாசல் தளத்துக்கு மட்டும் டைல்ஸ் போடுவார்கள். கலவையும் சேர்ந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறிவிடும், கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயரமாகிவிடும். முதல் இரண்டு படியிலேயே கால் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறது. மூன்றாவதில் நுனிவிரல் தட்டுகிறது. போடுவதானால் எல்லாப் படிக்கும் போடுங்கள், ஓரத்தில் வேறு நிறப் பட்டை ஒட்டுங்கள். கண்புரை உள்ளவர்களுக்கு ஒரே நிறப் படிகள் சமதரையாகவே தெரியும்.

மின்வெட்டு எப்போது வருமென்று சொல்ல முடியாத ஊர் இது. ஆள் வந்தால் தானே எரியும் சூரியசக்தி விளக்கு ஒன்றைப் படியைப் பார்த்தபடி மாட்டுங்கள்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்பவர்கள் முதலில் டேப்பை எடுத்து அளக்க வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 17 சென்டிமீட்டர் படி இரண்டு என்றால் நான்கு மீட்டருக்கு மேல் போகும். அவ்வளவு இடம் இல்லாத வீட்டில் செங்குத்தாகப் பலகை சாய்ப்பது ஆபத்து. நடக்க முடிகிறவர் என்றால், அங்கே அகலமான அரைப்படிகளும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் போடச் சொல்கிறேன்.