பேண்ட்

கொங்குப் பக்கம் பேண்ட் என்றாலே கல்யாணம்தான். ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு, தொப்பி, ட்ரம்பெட், கிளாரினெட், கழுத்தில் தொங்கும் பெரிய டிரம். கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, ஜமாப்பு என்ற மேளக்கூட்டம்; மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்ட் செட்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. கூட்டம், படைக்கூட்டம் என்று பொருள். கொடி, அடையாளம் என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல் அதன் வேராக இருக்கலாம் என்பார்கள். ஒரே கொடிக்குக் கீழே திரண்டவர்கள். 17ஆம் நூற்றாண்டில் படைப்பிரிவோடு போகும் வாத்தியக்காரர்களுக்கு அந்தப் பெயர் வந்தது. நம் ஊருக்கு வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து சேர்ந்தது. கல்யாண பேண்டின் கோட்டும் தொப்பியும் அந்தச் சீருடையின் வழிவந்தவை. ரப்பர் பேண்டில் இருப்பது வேறு சொல். அதற்குக் கட்டுதல்தான் வேர்.

கிட்டார் வைத்துக்கொண்டு தாங்களே பாட்டெழுதி, தாங்களே பாடி வாசிக்கும் சிறு குழு என்ற பொருள் எங்களுக்கு டிவி வழியாகத்தான் வந்தது. பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துக் குழு அமெரிக்காவில் முதன்முறையாக நேரலையில் தோன்றியது 1964 பிப்ரவரி 9 அன்று, எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில். ஏறக்குறைய 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். சென்னைக்கே தொலைக்காட்சி வந்தது 1975இல்தான். அந்தப் பதிவை நான் பார்த்தது கேபிள் வந்த பிறகு, கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில். கறுப்பு வெள்ளைப் படம். குழுவில் இடதுகைக்காரரான பால் மெக்கார்ட்னியின் கிட்டார் எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும். மேடை மேல் ஒரு மேடை போட்டு ரிங்கோ டிரம் அடிப்பார். குழுவின் ஜான் லெனனைக் காட்டும்போது, 'பெண்களே மன்னியுங்கள், இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது' என்று கீழே எழுத்து வரும். பெண்களின் கூச்சலில் பாட்டே பாதிதான் கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாரு (தாத்தா) கேட்டார்: "ஏங் கண்ணு, ஊதற ஆளு ஒருத்தரையுங் காணோம், இதையப் போயி பேண்டுங்கறே?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தப் புதுப் பொருளுக்குத் தமிழில் இசைக்குழு என்று எழுதுகிறோம். தவறில்லை, எல்லோருக்கும் புரியும். ஆனால் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஆர்க்கெஸ்ட்ராவும் இசைக்குழுதான், பஜனை கோஷ்டியும் இசைக்குழுதான்.

எனக்குப் பிடித்த சொல் பல்லியம். இயம் என்றால் வாத்தியம். பல வாத்தியங்கள் சேர்ந்தது பல்லியம். திருமுருகாற்றுப்படை முருகனை 'குழலன் கோட்டன் குறும்பல்லியத்தன்' என்கிறது. குழலும் கொம்பும் சிறு வாத்தியங்கள் பலவும் உடையவன். பழனி, சென்னிமலை, மருதமலை என்று முருகன் குடியிருக்கும் சீமையில் இந்தச் சொல் புழங்காமல் கிடப்பது எனக்கு வருத்தம்தான். நெடும்பல்லியத்தனார் என்றே ஒரு சங்கப் புலவர் இருந்தார். புறநானூற்றின் 64ஆம் பாட்டு அவருடையது. யாழ், ஆகுளி, பதலை என்ற பறைகள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அரசனைப் பார்க்கக் கிளம்பலாமா என்று ஆடிப்பாடும் பெண்ணான விறலியைக் கேட்கும் பாட்டு. ஊர் ஊராகப் போய் வாசிக்கும் குழுவின் வாழ்க்கை அதில் அப்படியே இருக்கிறது.

பேச்சில் பேண்ட் என்றே சொல்லலாம். கல்யாணத்துக்கு பேண்ட் வாத்தியம் என்ற பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது, அதை மாற்ற வேண்டாம். ஆனால் ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ கிட்டாரும் பறையும் சேர்த்து வாசிக்கும் பிள்ளைகள் தங்கள் குழுவுக்குப் பெயர் தேடினால், பல்லியம் என்றே வைக்கச் சொல்வேன்.