சொல் விளக்கம்: சுவடியகம்

கதவுக்கு மேலே மாட்ட ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்று பல்கலைக்கழக நூலகமொன்றில் வேலை செய்யும் நண்பர் போனில் கேட்டார். அரிய நூல்கள், எழுத்தாளர்களின் கைப்பிரதிகள், கடிதங்கள், பழைய சஞ்சிகைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மூலையில் இருந்தவை இப்போது தனி அறை கேட்கும் அளவுக்குப் பெருகிவிட்டன. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் தயார். தமிழுக்கு அவர் கையில் மூன்று சொல் இருந்தன: ஆவணக் காப்பகம், ஆவணகம், சுவடிக்கூடம். “ஒரு கிழமை தாங்க, யோசிச்சுச் சொல்றன்” என்றேன். பலகை எழுதுகிறவர் ஒரு கிழமை பொறுக்கவில்லை. ஆவணக் காப்பகம் என்று எழுதி மாட்டியாயிற்று. கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

ஆங்கிலத்து ‘ஆர்க்கைவ்ஸ்’ கிரேக்கத்தில் பிறந்த சொல். ‘ஆர்க்கே’ என்றால் தொடக்கம். ஆட்சி என்றும் பொருள். ஆட்சி செய்கிறவர் ‘ஆர்க்கோன்’, அவர் இருந்த மனை ‘ஆர்க்கையோன்’. அரச பத்திரங்களை அந்த மனையிலேயே வைத்ததால் மனையின் பெயர் பத்திரங்களுக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மட்டக்களப்பாருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம்: கோட்டைக்குள்ளே கச்சேரி, கச்சேரிக்குள்ளே பதிவறை. (கச்சேரி என்றால் தமிழ்நாட்டுக்காரர் பாட்டுக் கேட்கக் கிளம்புவார்கள், நாம் பெர்மிட் எடுக்க அரச அலுவலகத்துக்குப் போவோம்.) 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த அந்தக் கோட்டைக்குள் நெடுங்காலம் காணிப் பதிவும் வரிப் பதிவும் இருந்த விதம்தான் கிரேக்கச் சொல்லின் உள்ளர்த்தம். அதிகாரம் எங்கே இருந்ததோ அங்கேதான் கடதாசியும் இருந்தது.

ஆனால் பல்கலைக்கழகத்தின் இலக்கியச் சேகரிப்பு அதிகாரத்தின் கடதாசி அல்லவே. ஒரு கவிஞர் வெட்டித் திருத்திய கொப்பியும், அச்சகத்துக்கு எழுதிய கடன் கடிதமும், நாலு இதழோடு நின்றுபோன சஞ்சிகையும் அதற்குள் வருகின்றன. இதற்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதுதான் சிக்கல்.

முதலில் ஆவணம். பழைய சொல், ஐயமில்லை. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் ‘ஆவண மாக்கள்’ வருகிறார்கள். கயிற்றால் பிணித்த குடத்தின் மேலிருந்த முத்திரைப் பொறியைப் பார்த்து, அதை உடைத்து, உள்ளே இருக்கும் ஓலையை எடுப்பவர்கள். கடைத்தெருவுக்கும் பழைய தமிழில் ஆவணம் என்ற பெயர் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணி விற்பனையைப் பதிந்த இடம் ‘ஆவணக் களரி’. களரி என்றதும் நமக்குக் கூத்துக்காரர் ஆடும் வட்டக்களரி ஞாபகம் வரும். அங்கேயோ காணி கைமாறியது. ஆக, ஆவணத்தின் அடியில் கிடப்பது சாட்சி. இன்னாருக்கு இது உரியது என்று நாளைக்கு நிரூபிக்க வேண்டிய கடதாசி.

இதற்குப் பெரியபுராணத்தை விட்டால் வேறு நல்ல உதாரணம் இல்லை. சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு வந்த முதிய மறையவர், நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வழக்கைக் கொண்டுபோகிறார். சபையார் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சுந்தரருடைய பாட்டனாரின் எழுத்துள்ள வேறோர் ஓலையைக் காவலில் இருந்து வரவழைத்து இரண்டையும் ஒப்பு நோக்கினார்கள். மூலம் ஒன்று, படி ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கக் காவலில் இன்னொன்று. 12ஆம் நூற்றாண்டுக் காப்பியத்துக்குள் ஒரு காப்பகமே நடந்துகொண்டிருக்கிறது. ஆவணத்துக்கும் காப்புக்கும் உறவு அவ்வளவு பழையது.

அப்படியானால் ‘ஆவணக் காப்பகம்’ சரிதானே என்று நானும் சில காலம் நினைத்தேன். சென்னை எழும்பூரில் 1909இல் கட்டிய பெரிய கட்டடத்துக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்றுதானே பெயர்.

என் எண்ணத்தை மாற்றியவர் ஒரு பெத்தா (பாட்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்). புருசன் அண்ணாவியார், வடமோடிக் கூத்துப் பழக்கியவர், காலமாகிவிட்டார். அவருடைய கூத்துப் பிரதிகளைக் கேட்டு நண்பரும் நானும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போயிருந்தோம். நண்பர் மேசைப் பாசையில் தொடங்கினார்: “பெத்தா, ஐயாட ஆவணங்கள் ஏதும் இரிக்கா?” பெத்தா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். காணி உறுதி, ஐயாவின் மரணச் சாட்சிப் பத்திரம், சமுர்த்திக் கார்ட், எல்லாம் லமினேட் பண்ணி. ஆவணம் கேட்டால் வேறென்னத்தைக் கொடுப்பார்? ஜீ.எஸ். (கிராம சேவகர்) கேட்பதும் அதைத்தானே. நண்பர் திருத்திக்கொண்டு, ஐயாவின் எழுத்துகளைக் காப்பகத்தில் வைக்கப்போகிறோம் என்றார். பெத்தாவின் முகம் மாறியது. “காப்பகத்திலயா? மனே, அவரு உசிரோட இரிக்கக்குள்ளயே ஒரு காப்பகத்துக்கும் நான் விடல்ல.”

சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. போரும் கடலும் தின்று முடித்த ஊர்களில் காப்பகம் என்றால் யாருமற்ற பிள்ளைகளையும் முதியவர்களையும் விடுகிற இடம். சொல்லின் அகராதிப் பொருள் சுத்தமாக இருக்கலாம், அது ஊருக்குள் நடந்துபோகும்போது காலில் ஒட்டுவதை நாம் தட்டிவிட முடியாது. கடைசியில் நான்தான் கேட்டேன்: “பெத்தா, கூத்துக் கொப்பி, பழைய ஏடு, சுவடி ஏதும்?” “ஓ, அதுவா. அது சாமியறையில இரிக்கி.”

றங்குப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே காய்ந்த வேப்பிலை. கீழே எட்டு சீ.ஆர். கொப்பிகள், அதற்கும் கீழே மஞ்சள் துணியில் சுற்றிய ஓர் ஓலைக்கட்டு. கொப்பியில் ஒன்று ‘பதினெட்டாம் போர்’. பிள்ளையார் சுழி போட்டு, விருத்தமும் தருவும் நீல மையில். ஓரத்தில் பென்சிலால் பாத்திரங்களுக்கு நேரே ஆடியவர்களின் பெயர்கள். வீமனுக்கு நேரே ஒரு பெயர் வெட்டப்பட்டு இன்னொன்று. அதுவும் வெட்டப்பட்டு மூன்றாவது. மூன்று தலைமுறை வீமன்கள் ஒரே ஓரத்தில் நின்றார்கள். ஆளுக்குரிய பாட்டுகளைத் தனியே எழுதிக் கொடுப்பதைக் கூத்துக்காரர் ‘சட்டம் கொடுத்தல்’ என்பார்கள். அப்படிக் கொடுத்து மீண்டு வந்த ஒரு தாளும் மடித்தபடி உள்ளே இருந்தது. அச்சிட்ட கூத்து நூல் எதிலும் இவை வருவதில்லை.

இப்போது சுவடிக்கு வருவோம். சொற்பிறப்புக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று, சுவடு, எழுத்தாணி ஓலையில் பதித்த தடம். மற்றது, சுவடித்தல், இணைத்தல், சேர்த்துக் கட்டுதல். எனக்கு இரண்டாவதில்தான் மனம் போகிறது. ஒற்றை ஓலை சுவடி ஆவதில்லை. துளையிட்டு, கயிறு கோத்து, மறு துளையில் நாராசம் செருகி, மேலும் கீழும் கம்பை வைத்துக் கட்டினால்தான் சுவடி. ஓலைக்கு மட்டுமே உரிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் கடதாசியில் அச்சடித்த அரிச்சுவடி எப்படி வந்தது? வாய்ப்பாட்டுக்கு எண்சுவடி எப்படி வந்தது? சுவடி பொருளை விட்டு வடிவத்துக்கு நகர்ந்து, சேர்த்துக் கட்டிய எழுத்துக்கெல்லாம் பெயராகிவிட்டது.

இலங்கை அரசாங்கத் தமிழும் இதை எப்போதோ பிடித்துக்கொண்டது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொழும்பில் இயங்குவதை நாம் தேசிய சுவடிகள் திணைக்களம் என்றுதான் சொல்லி வருகிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் கேட்டு, அங்கே ஓலைகள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று கேட்பதுண்டு. ஒல்லாந்தர் காலக் கடதாசிக்கட்டுகளும் சுவடிதான் என்றால் நம்பமாட்டார்கள். எங்கள் திணைக்களத் தமிழில் குறை சொல்ல நிறைய உண்டு. இந்தச் சொல்லில் இல்லை.

ஏடு என்பது இன்னும் நெருக்கமான சொல். விஜயதசமிக்குப் பிள்ளைக்கு ஏடு தொடக்குகிறோம், கையில் ஏடே இல்லாமல். வைகாசியில் கண்ணகையம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும்போது, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை படிக்கிறவர் முன்னே ஏடு இருக்கும். அந்த ஏட்டை ஆண்டு முழுவதும் பேழைக்குள் வைத்துக் காக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. சம்பளமில்லாத சுவடிக் காப்பாளர்கள். 1968இல் வி.சீ. கந்தையா கண்ணகி வழக்குரையை அச்சேற்ற முடிந்தது அவர்கள் காத்ததால்தான். ஆனாலும் ஓர் அறைக்கு ‘ஏட்டகம்’ என்று பெயர் வைத்தால் நாளேட்டுக் கந்தோர் என்று நினைத்துவிடுவார்கள்.

கல்வெட்டு என்ற சொல்லையும் இங்கே ஒருமுறை தொட வேண்டும். திருகோணமலைக் கோயிலின் வரலாறு சொல்லும் கோணேசர் கல்வெட்டு கல்லில் இல்லை. எழுத்தில் நிலைத்த வரலாறு எதற்கும் கிழக்கில் கல்வெட்டு என்று சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலோ அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலர் கல்வெட்டு. 31ஆம் நாள் வீட்டில் கையில் தந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலேயே விட்டுவரும் அந்தச் சிறுபுத்தகத்தில் நாலு தலைமுறை வம்சாவழியும், வேறெங்கும் கிடைக்காத போட்டோவும் இருக்கும். ‘அரிய நூல்’ பட்டியலில் அதை முதலில் சேர்ப்பேன்.

ஏனென்றால் ‘அரிய’ என்றால் ‘பழைய’ என்று பொருளில்லை. அருமை என்பது கிடைப்பதன் கடினம். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தின் முதற்பதிப்பும், கல்முனையிலிருந்து 1969–70இல் வந்த ‘கவிஞன்’ இதழும் இலண்டனில் பழம்புத்தகம் விற்பவருக்கு நேற்றைய சரக்கு. நமக்கு அப்படியில்லை. நடுவில் 1978 நவம்பர் 23இன் சூறாவளி இருக்கிறது, 2004 டிசம்பர் 26இன் சுனாமி இருக்கிறது. கல்லடியிலும் நாவலடியிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் அலுமாரிகளோடு போனவற்றுக்குக் கணக்கில்லை. மிச்சத்தை மாரியும் கறையானும் பார்த்துக்கொள்கின்றன. வாவிக் காற்றில் ஸ்ரேப்ளர் கம்பி ஒரு வருசத்தில் துருவேறி, சஞ்சிகையின் முதுகைத் தின்றுவிடும்; மலிவான தாள் தன் புளிப்பாலேயே மஞ்சளித்து நொறுங்கும். கோவை இலைச் சாறும் கரியும் பூசிய ஓலை இந்தத் தாளைவிட நன்றாகவே தாங்குகிறது.

இத்தகைய சேகரிப்பு வளர்கிற விதமும் நூலகம் வளர்கிற விதமும் ஒன்றல்ல. நூலகம் வாங்கி வளரும். இதுவோ ஒருவரின் மரணத்துக்குப் பிறகு, ஒரு வீடு இடிபடும்போது, பிள்ளைகள் வெளிநாடு போகும்போது பெட்டி பெட்டியாக வந்து சேரும். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றை அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அவை சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. புத்தகத்தை எண்ணிக்கையில் சொல்வோம். பெட்டிகளை எண்ணிப் பயனில்லை என்பதால் தட்டின் நீளத்தில், இத்தனை மீற்றர் என்று அளப்பார்கள். நூலை விடயப்படி அடுக்கலாம். ஒருவரிடமிருந்து வந்த கட்டை அவர் வைத்திருந்த ஒழுங்கிலேயே வைக்க வேண்டும், இன்னொருவரின் கட்டோடு கலக்கவும் கூடாது.

இதை நான் பிழைவிட்டுப் படித்தேன். இளம் வயதில் ஓர் எழுத்தாளரின் கொப்பிகளுக்குள் சொருகியிருந்த கடிதங்களை எல்லாம் உருவி, திகதிவாரியாக அழகான ஃபைலில் போட்டேன். எல்லாரும் மெச்சினார்கள். எந்தக் கடிதம் எந்தக் கதையின் எந்தப் பக்கத்தில் கிடந்தது என்று பிறகு ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் அவிழ்த்தது கடிதத்தையல்ல, சுவடித்தலை.

ஆகவே என் தெரிவு சுவடியகம். நூலகம் என்பதுபோல் வாயில் இலகுவாக நிற்கிறது. ஓலை, கொப்பி, கடிதம், மலர் எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ நிறுவனம் தன் எண்ணிமச் சேகரிப்புக்கு ஆவணகம் என்று வைத்ததும் நல்ல சொல்தான். குரலும் படமும் இருக்கிற இடத்துக்கு அதுவே பொருந்தும். காணிக் கந்தோரின் அறைக்கு ஆவணக் காப்பகம் இருக்கட்டும். காரைதீவில் பிறந்து, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் இருந்திருந்தால் எதைத் தெரிவு செய்திருப்பார் என்று சில வேளை யோசிப்பேன்.

பெத்தா எட்டுக் கொப்பியையும் தந்தார். ஓலைக்கட்டைத் தரவில்லை, அது சாமியறையை விட்டு வராது என்றார், நாங்களும் வற்புறுத்தவில்லை, படம் பிடித்துக்கொண்டோம். ரசீதில் ‘கொப்பிச் சுவடி 8’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அடுத்த கூத்துக்குத் தேவைப்பட்டால் திருப்பித் தருவீர்களா என்று கேட்டார். கொப்பி வெளியே போகாது, அதற்கென்று போட்டோக்கொப்பி எடுத்துத் தருகிறோம் என்று நண்பர் சொன்னார். சொன்னபடி இரண்டு கிழமையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெத்தா ‘பதினெட்டாம் போரை’ப் பிரித்து, வீமனின் ஓரத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

“இது படிதானே மனே. பென்சில் விழல்லயே.”

மறுநாள் மூலத்தை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் படி எடுத்தோம்.