வீட்டுக்கு அனுப்புகிறோம், யாரை நம்பி?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. டிஸ்சார்ஜ் ஆன நான்காம் நாளே அந்தப் பெரியவர் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். பக்கவாதத்தில் விழுந்து, ஒரு மாதம் ஐசியூவில் கிடந்து, கழுத்தில் மூச்சு விடத் துளையிட்டு வைத்த ட்ரக்கியாஸ்டமி டியூப், மூக்கில் உணவு டியூப், கீழே யூரின் டியூப் என்று வீடு போனவர். வரும்போது உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து டியூபின் உள்குழாயைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்த சளி பிசின் மாதிரி இறுகி, உள்ளே வழியே இல்லை. கழற்றியதும் மூச்சு சீரானது. அவ்வளவுதான் வைத்தியம்.

அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்திருந்த பெண்ணும் கூடவே வந்தாள். இருபது வயதிருக்கும். கையில் ஒரு நோட்டு. "காலை 6: கஞ்சி 200 மில்லி. 8: மாத்திரை. 10: மோர் 200 மில்லி." நான்கு நாளும் ஒரு வேளை விடாமல், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. "உள்குழாயைக் கழற்றிக் கழுவினியாம்மா?" என்று கேட்டேன். "அது கழறும்னு யாருமே சொல்லலையே டாக்டர்" என்று அழுதுவிட்டாள்.

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினேன். மாத்திரைகள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் மூன்று பக்கம். உள்குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெரியவரின் மகன் என்னிடம் சொன்னது: "நர்ஸ்தான் போட்டிருக்கோம் டாக்டர்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. யூனிஃபார்ம் போட்டு, நாம் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டால் நர்ஸ் ஆகிவிட மாட்டார்கள். நர்ஸ் என்றால் பி.எஸ்சி நர்சிங் 4 வருடமோ, டிப்ளமோ 3 வருடமோ படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண் இருக்கும். கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஏஜென்சிகள் வீட்டுக்கு அனுப்பும் பலர் அட்டெண்டர்கள். குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டிவிடுவது அவர்கள் வேலை. அந்த உழைப்பு இல்லாமல் எத்தனையோ வீடுகள் நடக்காது. ஆனால் சக்‌ஷன் (டியூபில் சேரும் சளியை மெஷினால் உறிஞ்சி எடுப்பது) போடுவது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வேலை இல்லை. "பத்து வருஷ அனுபவமாம் டாக்டர்" என்பார்கள். யாரைப் பார்த்த அனுபவம்? இடுப்பு எலும்பு உடைந்து படுத்த பாட்டியையா, கழுத்தில் டியூபோடு இருப்பவரையா? "எல்லாம் பார்ப்பாங்கன்னு ஏஜென்சில சொன்னாங்க" என்றால், அந்த 'எல்லாம்' என்ன என்று எழுதி வாங்குங்கள்.

நர்ஸ் சம்பளம் கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். அதை வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லிவிடுங்கள். அட்டெண்டரையும் வீட்டு ஆள் ஒருவரையும் சேர்த்து வார்டிலேயே பழக்கி அனுப்பலாம். 2021 முதல் இருக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்புக்கும் பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். அதையும் கேளுங்கள். ஆனால் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், கூடவே உட்கார முடியாது.

சக மருத்துவர்களுக்கு ஒன்று. ஏஜென்சி போன் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது ரெஃபரல் ஆகாது. பார்த்துக்கொள்ளப் போகிறவரை டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே வார்டுக்கு வரவழையுங்கள். வார்டு சிஸ்டர் பக்கத்தில் நிற்க, அவரே தன் கையால் செய்து காட்டட்டும். டியூப் சைஸ், அடுத்து மாற்ற வேண்டிய தேதி, எந்தெந்த அறிகுறிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதைத் தமிழில், ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் வீட்டில் இருப்பவர்களுக்கு. உள்குழாயை எத்தனை முறை கழுவ வேண்டும் என்று கேட்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதீர்கள். மூச்சு திணறினால் முதலில் உள்குழாயைக் கழற்றுங்கள், பிறகு சக்‌ஷன், உடனே 108. ஒரு தடவை சக்‌ஷன் 10, 15 நொடிக்கு மேல் போகக்கூடாது. அதே சைஸிலும் ஒரு சைஸ் சின்னதிலும் மாற்று டியூப் கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கரண்ட் போனால் சக்‌ஷன் மெஷின் ஓடுமா என்று ஒரு முறை ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். படுத்த நிலையில் மூக்கு டியூபில் கஞ்சி விடவே விடாதீர்கள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். மூக்கருகே டியூபில் போட்டிருக்கும் குறி நகர்ந்திருந்தால் எதுவும் ஊற்றாமல் போன் பண்ணுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். '24 மணி நேர ஆள்' என்று ஒருவரை வைக்கிறீர்கள். அவரும் தூங்கத்தான் வேண்டும். கழுத்தில் டியூப் இருப்பவருக்குப் பெரும்பாலும் குரல் வராது, ராத்திரி மூச்சு முட்டினால் கூப்பிட முடியாது. கை அசைகிறவர் என்றால் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணியைக் கட்டுங்கள். அசையாதவர் என்றால் இரவுக்கு இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். அந்தப் பெரியவர் வீட்டில் இப்போது மகன் இரவு இரண்டு மணி வரைக்கும், மருமகள் அதற்குப் பிறகும் என்று முறை வைத்திருக்கிறார்கள்.