அடக்கிவைத்துப் பேசும் ஆண்மீன்

தமிழ்நாட்டில் ‘ஜிலேபி மீன்’ என்று அழைக்கப்படும் மொசாம்பிக் திலாப்பியா, சிங்கப்பூருக்கு வந்தது ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், ஜாவாவிலிருந்து. சொந்த ஊர் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. இன்று இங்குள்ள நீர்த்தேக்கங்களிலும் கால்வாய்களிலும் அதன் வம்சம் நீந்துகிறது. கரையோரத்து ஆழமற்ற நீரில், மணலில் வட்டக் குழி பறித்துக்கொண்டு கறுத்த மீன் ஒன்று காவல் நிற்பதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். அது ஆண், அந்தக் குழிதான் அதன் மணமேடை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பேச்சு அங்கே நடக்கிறது. பேசும் மொழி, சிறுநீர்.

முகம் சுளிக்க வேண்டாம். நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றியே ஆகவேண்டும். இந்தக் கட்டாயத்தைத்தான் ஆண் திலாப்பியா செய்தியாக மாற்றிக்கொண்டது. ஆதிக்கம் செலுத்தும் ஆணின் சிறுநீர்ப்பையில் தசை தடித்திருக்கும். சிறுநீரைச் சேர்த்துவைத்து, வேண்டிய நேரத்தில் சிறுசிறு பீச்சல்களாக விடுகிறது. முட்டையிடத் தயாரான பெண் அருகில் வந்தால் பீச்சல் கூடும். அதிலுள்ள இரண்டு ஸ்டீராய்டு வேதிப்பொருள்களைப் போர்ச்சுகலின் அல்கார்வே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் 2014இல் அடையாளம் காட்டினார்கள். அவற்றை முகர்ந்த பெண்ணின் உடலில், முட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன் சுரக்கிறது.

என்னை அதிகம் வியக்கவைப்பது போட்டியாளன் முன் நடப்பதுதான். எதிரே இன்னோர் ஆண் வந்து மல்லுக்கு நிற்கும்போதும் பீச்சல் அடிக்கடி நிகழ்கிறது. பணிந்துபோகும் ஆணோ சிறுநீர் விடுவதையே நிறுத்திக்கொள்கிறது. தோற்றவன் வாயை மூடிக்கொள்வது போல! சிறுநீர் விட முடியாதபடி ஆண்களைத் தற்காலிகமாகத் தடுத்துப் பார்த்தபோது, சண்டை முற்றியது. அப்படியானால் அந்தப் பீச்சல் சண்டைக்கு அழைப்பதற்கல்ல, சண்டையைத் தவிர்ப்பதற்கு. ‘என் பலம் இது, முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்’ என்கிறது.

கண்ணாடிச் சோதனை இதை இன்னும் தெளிவாக்குகிறது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு போரிடும் ஆணுக்கு முடிவே கிடைப்பதில்லை. பிம்பம் பணிவதும் இல்லை, மணம் வீசுவதும் இல்லை. போரிடும் ஆணின் சிறுநீரில் ஆண்மை ஹார்மோனின் அளவு சரிகிறது. அதே நீரில் ஆதிக்க ஆணின் சிறுநீரைக் கலந்தால் முட்டி மோதுவது குறைகிறது. ஹார்மோனோ குறையாமல் நிற்கிறது. மணத்தை மதித்து ஒதுங்கிய அந்த மீன், தனக்கென ஒரு குழி பறிக்கும் தெம்பை இழந்துவிடவில்லை.