விலேன்களும் ஸ்பேனிங் ட்ரீ மண்டலங்களும்

துவாஸில் கிடங்கு, ராஃபிள்ஸ் பிளேஸில் தலைமை அலுவலகம், சாங்கியில் தரவு நிலையம் என மூன்று இடங்களில் இயங்கும் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கேபிள் பழுதானாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, அங்கு கணினிகளைக் கேபிள்களால் இணைக்கும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறைந்தது இரண்டு இணைப்புகள் தரப்பட்டிருக்கும். ஆபத்தும் அந்த இரண்டாவது இணைப்பின் வழியாகத்தான் வருகிறது. ஐபி பாக்கெட்டில் உள்ள ஆயுள் எண், ரவுட்டர்களைக் கடக்கும்போதெல்லாம் ஒன்று குறைந்து, பூஜ்ஜியமானதும் பாக்கெட் கைவிடப்படும். சுவிட்சுகள் கடத்தும் தரவுத் துண்டான ஈதர்நெட் ஃபிரேமில் அத்தகைய எண் கிடையாது. எனவே வளையமாக இணைந்த சுவிட்சுகளுக்குள் எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பப்படும் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் புகுந்தால், அது பல்கிப் பெருகிச் சுற்றிக்கொண்டே இருந்து, சில நொடிகளில் வலையமைப்பையே முடக்கிவிடும்.

இதற்கான தீர்வாக, வளையங்களை அடைத்து வலையமைப்பை ஒரு மரம்போல் ஆக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்தார். சுவிட்சுகள் தங்களுக்குள் சிறு அறிவிப்புகளைப் பரிமாறி, மிகச் சிறிய அடையாள எண் கொண்டதை வேராகத் தேர்ந்தெடுக்கின்றன. மற்றவை வேருக்கான குறைந்த செலவுள்ள பாதையை வைத்துக்கொண்டு, வளையத்தை உண்டாக்கும் போர்ட்டுகளை அடைத்துவிடுகின்றன. அடையாள எண்ணின் முற்பகுதி நாம் மாற்றக்கூடிய முன்னுரிமை எண்; பிற்பகுதி சுவிட்சின் வன்பொருள் முகவரியான மேக் முகவரி. முன்னுரிமை எண் எல்லாச் சுவிட்சுகளிலும் வழக்கமான 32768 ஆகவே இருந்தால், மேக் முகவரி சிறியதாக உள்ளதுதான் வெல்லும். துவாஸ் கிடங்கின் மூலையில் கிடக்கும் பழைய சுவிட்ச் நிறுவனம் முழுமைக்கும் வேராகிவிடுவது இப்படித்தான். வேரைத் தற்செயலுக்கு விடவே கூடாது.

ஒரே சுவிட்சுகளின் மேல் பல தனித்தனி வலையமைப்புகளைப் பிரித்து இயக்கும் விலேன் (VLAN) வந்ததும் கணக்கு மாறுகிறது. 12 பிட் எண்ணால் 4094 விலேன்கள் வரை பிரிக்கலாம். அத்தனைக்கும் ஒரே மரம் என்றால், அடைபட்ட இணைப்பு யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். விலேனுக்கு ஒரு மரம் என்றால், 300 விலேன்களுக்கு 300 மரங்களை ஒவ்வொரு சுவிட்சும் கணக்கிட்டு, வழக்கமான அமைப்பில் 2 நொடிக்கு ஒருமுறை அத்தனைக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 2002இல் வந்த 802.1எஸ் தரநிலை நடுவழியைக் காட்டியது. கணக்குப் பிரிவு, தொலைபேசி விலேன்களை முதல் மரத்திலும், கேமரா, கிடங்கு விலேன்களை இரண்டாம் மரத்திலும் சேர்த்து, இரண்டு மைய சுவிட்சுகளையும் ஆளுக்கொரு மரத்துக்கு வேராக்கலாம். முதல் மரத்தில் அடைபட்ட இணைப்பு இரண்டாம் மரத்தில் திறந்திருப்பதால், இரண்டு கேபிள்களுமே உழைக்கும்.

இந்த ஏற்பாடு ஒரு மண்டலத்துக்குள் மட்டுமே செல்லும். மண்டலத்தின் பெயர், திருத்த எண், எந்த விலேன் எந்த மரத்தில் என்னும் அட்டவணை ஆகிய மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கும் சுவிட்சுகளே ஒரு மண்டலம். அட்டவணையை முழுதாக அனுப்பாமல், அதிலிருந்து கணித்த 16 பைட் சுருக்கத்தை மட்டும் அனுப்பி ஒப்பிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் மண்டலம் முழுவதும் ஒரே பெரிய சுவிட்சாகத் தெரியும். உள்ளே தனி மரங்களில் நிகழும் மாற்றம் எல்லையைத் தாண்டாது. ஆனால் எல்லைப் போர்ட்டில் எல்லா விலேன்களும், மண்டலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பொது மரத்தின் முடிவுக்கே கட்டுப்படுவதால், சுமைப் பகிர்வு அங்கே நின்றுவிடுகிறது. மண்டலங்களைத் தேவைக்கு மேல் துண்டாடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

நடைமுறையில் பலரும் இடறும் இடம் அட்டவணைதான். விலேன் 210ஐ ஒரு சுவிட்சில் மட்டும் வேறு மரத்துக்கு மாற்றினாலும் சுருக்கம் மாறி, அந்தச் சுவிட்ச் மண்டலத்தை விட்டு விலகிவிடும். எல்லாச் சுவிட்சுகளிலும் மாற்றி முடிக்கும் வரை மரங்கள் மீண்டும் மீண்டும் கணக்கிடப்பட்டு, போக்குவரத்து தடுமாறும். 24 மணி நேரமும் இயங்கும் கிடங்குக்கு இது தாங்காது. ஆகவே இன்று பயன்பாட்டில் இல்லாத எண்களையும் சேர்த்து, 4094 விலேன்களையும் முதல் நாளிலேயே மரங்களுக்குப் பங்கிட்டுவிடுவதே நல்லது. பின்னாளில் புதிய விலேனை உருவாக்கினாலும் அட்டவணை அப்படியே இருக்கும்.

மரத்தின் பரப்புக்கும் வரம்பு உண்டு. பழைய தரநிலையின் வழக்கமான நேர அளவுகள், இரு முனைகளுக்கு இடையே 7 சுவிட்சுகளுக்கு மிகாத வலையமைப்பை எண்ணி வகுக்கப்பட்டவை. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், மெல்ல மெல்ல வளர்ந்து இவ்வரம்பைக் கடந்திருந்த வலையமைப்பு நிலைகுலைந்து, ஊழியர்கள் சில நாள் காகிதத்தில் வேலை பார்க்க நேர்ந்தது. துவாஸையும் சாங்கியையும் ஒரே மரத்தில் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வோர் இடத்துக்கும் தனி மண்டலம் அமைத்து, இடங்களுக்கு இடையே ரவுட்டிங்கை வைத்தால், கிடங்கில் யாரோ தவறாகச் செருகிய கேபிள் தரவு நிலையத்தைத் தொடாது.